இரண்டு முறை எடுக்கப்பட்ட முதல் எபிசோடு: ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

1963 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை இரவு. லண்டன் லைம் குரோவ் ஸ்டூடியோவில் பிபிசியின் புதிய அறிவியல் புனைவுத் தொடரான 'டாக்டர் ஹூ'வின் முதல் எபிசோடு பதிவானது. திட்டப்படி அதுதான் ஒளிபரப்பாக வேண்டியது. ஆகவில்லை. மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 18 அன்று, அதே ஸ்டூடியோவில் அதே நான்கு முக்கிய நடிகர்களை வைத்து அதே இயக்குநர் முழு எபிசோடையும் மறுபடி எடுத்தார். நவம்பர் 23 அன்று மக்கள் பார்த்தது இந்த இரண்டாவது பதிவை.

இரண்டுமே இன்று பார்க்கக் கிடைக்கின்றன. ஒரே கதை, ஒரே ஆட்கள், நடுவில் 21 நாள். தொலைக்காட்சி இயக்குநர் ஒருவரின் வேலையை எடைபோட இப்படி ஒரு ஜோடி கிடைப்பது அபூர்வம். சொதப்பிய பதிவு பொதுவாகக் குப்பைக்குப் போய்விடும். ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் ஊரறிந்தவைதான். இருந்தாலும் இங்கே இயக்குநர், தயாரிப்பாளர், நாடகப் பிரிவுத் தலைவர் என்று பொறுப்பைச் சொல்லியே எழுதுகிறேன். யார் பெரிய ஆள் என்பதைவிட யார் எந்த முடிவை எடுத்தார்கள் என்பதே இங்கு விஷயம்.

பின்னணி

அறிவியல் புனைவு பிபிசிக்குப் புதிதல்ல. ரோபோ என்ற சொல்லை உலகுக்குத் தந்த செக் நாடகத்தின் ஒரு பகுதியை 1938-லேயே லண்டனில் பிபிசியின் ஸ்டூடியோ இருந்த அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து நேரலையாகக் காட்டியிருக்கிறார்கள். 1953-இல் வந்த 'குவாட்டர்மாஸ்' ஆறு வாரத் தொடர், அதுவும் நேரலை. படச்சுருளில் பதிந்து வைத்தது முதல் இரண்டு வாரங்களை மட்டும். ஆனால் இவை எல்லாம் பெரியவர்களுக்கானவை. சனிக்கிழமை சாயங்காலம், விளையாட்டு நிகழ்ச்சி முடிந்து பாப் இசை நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால், வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு தொடர் வேண்டும் என்று கேட்டவர், அப்போதுதான் தனியார் தொலைக்காட்சியிலிருந்து வந்திருந்த நாடகப் பிரிவுத் தலைவர். கனடாக்காரர். பழைய வேலையில் சிறுவர்களுக்கான விண்வெளித் தொடர்களைத் தயாரித்தவர்.

அவர் போட்ட நிபந்தனை இரண்டு. கதையில் சரித்திரமும் விஞ்ஞானமும் இருக்க வேண்டும்; முட்டைக்கண் பூதங்கள் கூடாது. ஒரு விஞ்ஞான ஆசிரியர், ஒரு சரித்திர ஆசிரியை, அவர்களுக்குப் புரியாத புதிராக இருக்கும் ஒரு மாணவி, அவளுடைய தாத்தா என்று நான்கு பாத்திரங்கள் அமைந்தது இதனால்தான். தாத்தாவிடம் காலத்தில் பயணம் செய்யும் ஒரு யந்திரம் இருக்கிறது. வெளியே பார்த்தால் லண்டன் தெருமுனைகளில் அன்று நின்ற போலீஸ் தொலைபேசிப் பெட்டி. உள்ளே போனால் பெரிய கூடம்.

தயாரிப்பாளருக்கு வயது 27. பிபிசி நாடகப் பிரிவில் அன்று அந்த இடத்தில் இருந்த ஒரே பெண். தயாரிப்பில் முன் அனுபவம் கிடையாது, ஆனால் நேரலை என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 1958-இல் அவர் உதவியாளராக இருந்த ஒரு நேரலை நாடகத்தில், ஒளிபரப்பு நடந்துகொண்டிருந்தபோதே, தன் இரண்டு காட்சிகளுக்கு நடுவே, நடிகர் ஒருவர் இறந்துபோனார். நாடகத்தை நிறுத்தாமல் மற்றவர்களை வழிநடத்த இயக்குநர் கீழே ஓட, மேலே கன்ட்ரோல் ரூமில் கேமராக்களைக் கவனித்துக்கொண்டது இவர்.

இயக்குநருக்கு 24 வயது. லக்னோவில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு இங்கிலாந்து வந்து, கேம்பிரிட்ஜில் படித்து, பிபிசியில் பயிற்சி பெற்றவர். அந்த நிறுவனத்தின் நாடகப் பிரிவில் அன்று இந்திய வம்சாவளி இயக்குநர் வேறு யாருமில்லை. 'இந்தப் பையனும் அந்தப் பெண்ணும் என்ன செய்துவிடப் போகிறார்கள்' என்ற பார்வை ஸ்டூடியோவில் இருந்ததை இருவருமே பிற்காலப் பேட்டிகளில் மறைக்கவில்லை. ஒரு சறுக்கலுக்கு மற்றவர்கள் கொடுக்கும் விலை ஒன்றென்றால் இவர்களுடையது இரண்டு. பின்னால் வருவதைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

வேலை நடந்த விதம்

இதைச் சொல்லாமல் மேலே போனால், முதல் பதிவில் நடந்ததெல்லாம் வெறும் கவனக்குறைவு என்று தோன்றிவிடும்.

திங்கள் முதல் வியாழன் வரை ஒரு ஹாலில் ரிகர்சல். செட் இருக்காது; சுவரும் கதவும் எங்கே வரும் என்று தரையில் குறி போட்டு வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் ஸ்டூடியோ. பகல் முழுக்க கேமராவோடு ரிகர்சல். இரவு எட்டரை மணியிலிருந்து ஒன்பதே முக்கால் வரை பதிவு. அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்குள் 25 நிமிட எபிசோடு முடிந்தாக வேண்டும்.

பதிவு இரண்டு அங்குல வீடியோ டேப்பில். எடிட்டிங் என்றால் டேப்பை நிஜமாகவே வெட்டி ஒட்டுவது. வெட்டிய டேப்பைத் திரும்பப் பயன்படுத்துவது கஷ்டம், விலையும் அதிகம். அதனால் நிறுத்தி நிறுத்தி எடுக்க அனுமதி அநேகமாகக் கிடையாது. பெயருக்குத்தான் பதிவு, நடைமுறையில் நேரலை. இயக்குநர் மாடியில் மானிட்டர்களுக்கு முன்னால் உட்கார்ந்து எந்த கேமரா எப்போது என்று சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் பொத்தானை அழுத்தி மாற்றிக்கொண்டே போவார். கீழே நடிகர் தடுமாறினால் தடுமாறியதுதான்.

லைம் குரோவில் அவர்களுக்குக் கிடைத்த ஸ்டூடியோ 'டி' பழையது, சிறியது. கேமராக்களும் பழையவை, கனமானவை. ஜூம் கிடையாது; நெருங்க வேண்டுமானால் லென்ஸை மாற்ற வேண்டும், இல்லை கேமராவையே தள்ளிக்கொண்டு போக வேண்டும். விளக்குச் சூட்டில் கூரையிலிருந்த தீயணைப்புக் குழாய்கள் தாமாகத் திறந்துகொண்டு தண்ணீரைக் கொட்டியதுண்டு என்று தயாரிப்பாளர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஒரு எபிசோடுக்கு ஒதுக்கிய பணம் ஏறக்குறைய 2,300 பவுண்டு. விண்வெளி யந்திரத்தை வைத்து எடுக்க வேண்டிய தொடருக்கு இது.

முதல் பதிவில் கண்டவை

எபிசோடு இரண்டு பாதியாகப் பிரிகிறது. முதல் பாதியில் பள்ளிக்கூடம், ஆசிரியர்களின் கார், பழைய சாமான் கிடங்கு. இரண்டாம் பாதி முழுக்க யந்திரத்தின் உட்புறம்.

முதல் பாதியில் இயக்குநர் செய்திருப்பது இன்றைக்கும் நிற்கிறது. பனிமூட்டத்தில் ஒரு போலீஸ்காரர் ரோந்து வருகிறார். அவர் நகர்ந்ததும் கிடங்கின் கதவு தானாகத் திறக்கிறது. ஆள் யாரும் இல்லாத இடத்தில் கேமரா மட்டும் உள்ளே நுழைந்து, சாமான்களைக் கடந்து, மெல்ல ரீங்காரமிடும் ஒரு போலீஸ் பெட்டியின் முன் வந்து நிற்கிறது. ஒரு வார்த்தை வசனம் இல்லை. தெருவில் தினம் பார்க்கிற பெட்டி, ஆனால் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது. அவ்வளவு கனமான கேமராவை வைத்துக்கொண்டு இப்படி ஒரு நகர்வை யோசித்ததே பெரிய விஷயம்.

வகுப்பறை நினைவுக் காட்சிகள் இன்னும் சுவாரசியம். காரில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் அந்த மாணவியைப் பற்றிப் பேசுகிறார்கள். நாம் வகுப்பைப் பார்க்கிறோம். ஆனால் வகுப்பில் ஆசிரியர் கண்ணில் படுவதில்லை. குரல் மட்டும் வருகிறது, பெண் நேராக கேமராவைப் பார்த்துப் பேசுகிறாள். நிறுத்தாமல் எடுக்கும் பதிவில் ஒரே நடிகர் காரிலும் வகுப்பிலும் இருக்க முடியாது. அந்த இக்கட்டில் பிறந்த உத்தி இது என்பது என் கணிப்பு. எப்படிப் பிறந்திருந்தாலும், ஆசிரியரின் கண் நம்முடைய கண்ணாகிவிடுகிறது. அவளைச் சந்தேகப்படுவது நாம்தான்.

அப்புறம் இரண்டாம் பாதி. இங்கேதான் எல்லாம் குலைகிறது.

யந்திரத்தின் பெரிய கதவுகள் சரியாக மூடவில்லை. முக்கியமான வாக்குவாதம் நடக்கும்போது பின்னால் அவை ஆடுவதும் திறப்பதும் கண்ணில் படுகிறது, சத்தமும் கேட்கிறது. இனி வெளியே போக முடியாது என்று ஆசிரியர்கள் கலங்க வேண்டிய இடம் அது. கதவோ வா வா என்று அழைக்கிறது. அந்தப் பகுதியைத் திரும்ப எடுக்கவேண்டி வந்தது, அப்போதும் சுத்தமாக வரவில்லை. கேமரா நகர்வுகளில் தடங்கல், வசனத்தில் தடுமாற்றம்.

இவை கண்ணுக்குத் தெரிந்த குறைகள். தெரியாத குறை ஒன்று இருந்தது, பெரியது அதுதான். தாத்தா பாத்திரம் வெறும் கடுகடுப்பாக இருந்தது. அவர் எல்லோரையும் மிரட்டினார். அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பேத்தி அளவுக்கு மீறி விசித்திரமாக இருந்தாள். வகுப்பில் தனியாக இருக்கும்போது காகிதத்தில் மையைக் கொட்டி மடித்து வடிவம் பார்க்கிறாள். நான் 49-ஆம் நூற்றாண்டில் பிறந்தவள் என்று பின்னால் கணக்கு ஒப்பிக்கிறாள். தாத்தா அணிந்திருந்தது சாதாரண கோட்டும் டையும். ஆக, பேச்சு வேற்றுலகம், உடை பக்கத்து வீடு, மனசு இரண்டிலும் இல்லை.

என்னிடம் கேட்டால் கதவைவிட இதற்கே மறுபதிவு அவசியப்பட்டது. ஆடும் கதவை அடுத்த வாரம் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். பிடிக்காத தாத்தாவை வாராவாரம் வீட்டுக்குள் விட மாட்டார்கள்.

எடுத்த முடிவுகள்

பதிவைப் பார்த்த நாடகப் பிரிவுத் தலைவர், இயக்குநரையும் தயாரிப்பாளரையும் ஒரு சீன உணவகத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். நியாயப்படி உங்கள் இருவரையும் வேலையை விட்டு அனுப்பியிருக்க வேண்டும், ஆனால் அனுப்பப் போவதில்லை, திரும்ப எடுங்கள் என்ற பொருளில் அவர் பேசியதாக இயக்குநர் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கூடவே குறிப்புகளும் கொடுத்தார். அவற்றில் கணிசமானவை கேமராவைப் பற்றியவை அல்ல, பாத்திரங்களைப் பற்றியவை: முதியவரிடம் நகைச்சுவை எங்கே, அந்தப் பெண் ஏன் இப்படி இருக்கிறாள்.

ஏன் மறு வாய்ப்பு கொடுத்தார்? இருவரையும் தேர்ந்தெடுத்ததில் அவருக்கே பங்குண்டு, அதனால் அவர்களை நீக்குவது தன் தேர்வே தவறு என்று ஒப்புக்கொள்வதாகும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முதல் பாதியைப் பார்த்தவர் யாரும் இயக்குநருக்குத் தொழில் தெரியாது என்று சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இயக்குநருடைய முடிவுகளுக்கு வருவோம். இந்த நிகழ்வில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான். திட்டு வாங்கிக்கொண்டு வந்த 24 வயதுக்காரர் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருக்கலாம். பயம் அப்படித்தான் செய்யச் சொல்லும். அவர் செய்யவில்லை. தொடக்க நகர்வு அப்படியே இருந்தது. வகுப்பறை உத்தி அப்படியே இருந்தது. காட்சி வரிசையும் ஏறக்குறைய அதேதான். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால், முதல் பாதியின் நிறைய இடங்களில் எது பழையது எது புதியது என்று சட்டென்று சொல்ல முடிவதில்லை.

மாற்றியது மனிதர்களை. தாத்தாவுக்கு எட்வர்டு மன்னர் காலத்து, அதாவது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பாணியில் உடை வந்தது. இந்தக் காலத்து ஆள் இல்லை என்பதை இனி வசனம் சுமக்க வேண்டாம். அவருடைய கோபத்தின் மேல் ஒரு விளையாட்டுத்தனம் படிந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் கிடங்கில் கிடக்கும் ஒரு பழைய படச் சட்டத்தை எடுத்துப் பார்க்கிறார், தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறார். ஆசிரியர்களை அவர் இப்போதும் மதிக்கவில்லைதான், ஆனால் அவரையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றுகிறது. அந்த நடிகருக்கு அப்போது வயது 55. படங்களில் கண்டிப்பான ராணுவ ஆட்களாகவே பெரும்பாலும் வந்தவர். அதிலிருந்து அவரை வெளியே கொண்டுவர 21 நாள் போதுமா என்ற சந்தேகம் நியாயமானது. போதுமாக இருந்தது.

பேத்தியிடமிருந்து மையும் காகிதமும் போயின. அதற்குப் பதிலாக, பிரெஞ்சுப் புரட்சி பற்றி ஆசிரியை கடன் கொடுத்த புத்தகத்தைப் புரட்டுகிறாள். ஒரு பக்கத்தில் நின்று, இது சரியில்லையே என்கிறாள். மை வடிவம் பார்க்கிற பெண் யாரோ. பாடப் புத்தகத்தில் தப்பு கண்டுபிடிக்கிற பெண்ணை நமக்குத் தெரியும், அவள் எப்படி அதைக் கண்டுபிடித்தாள் என்பது மட்டும்தான் தெரியாது. 49-ஆம் நூற்றாண்டு என்ற எண்ணும் நீங்கியது. வேறொரு காலம், வேறொரு உலகம் என்பதோடு நின்றுகொண்டது. எண்ணைச் சொன்னால் கேள்வி முடிந்துவிடுகிறது, சொல்லாமல் விட்டதால் தொடர் பல ஆண்டுகள் அதை வைத்துப் பிழைத்தது.

கதவு சரி செய்யப்பட்டது. கலை இயக்குநர் மாறினார். ஸ்டூடியோ அதேதான்.

பின்னால் நடந்தது

அக்டோபர் 18 இரவுப் பதிவு தேறியது. மறுவாரமே இரண்டாம் எபிசோடு. கற்கால மனிதர்களின் கதை. விலங்குத் தோல் போர்த்திய நடிகர்கள் நெருப்புக்காக அடித்துக்கொள்வதை இயக்குவதில் இயக்குநருக்கு உற்சாகமில்லை, அதை அவரே சொல்லியிருக்கிறார். பார்த்தாலும் தெரிகிறது. இருந்தும் அந்த மூன்று எபிசோடுகளையும் குறையில்லாமல் முடித்துக் கொடுத்தார்.

ஒளிபரப்பு நவம்பர் 23, சனிக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு. முந்தின நாள் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இத்தனை பாடுபட்டு எடுத்த எபிசோடு, யாருக்கும் வேறு எதிலும் மனம் போகாத ஒரு மாலையில் வெளியானது. நேரம் சுமார் ஒன்றரை நிமிடம் தள்ளிப்போனது. பார்த்தவர்கள் 44 லட்சம் பேர்.

பிபிசி செய்த நல்ல காரியம், நவம்பர் 30 அன்று இரண்டாம் எபிசோடுக்கு முன்னால் முதலாவதை மறுபடி ஒளிபரப்பியது. அப்போது சுமார் 60 லட்சம் பேர் பார்த்தார்கள். வீட்டிலும் இரண்டாவது வாய்ப்பில்தான் அது எடுபட்டது என்று சொல்லலாம்.

டிசம்பர் 21-இல் வேறு இயக்குநர்களின் கையில் இரண்டாவது கதை தொடங்கியது. உலோகக் கூட்டுக்குள் வாழும் கொடிய உயிரினங்கள் வந்தன; முட்டைக்கண் பூதம் கூடாது என்ற நிபந்தனை ஏறக்குறைய காற்றில் பறந்தது. பார்வையாளர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. தொடரைத் தூக்கி நிறுத்தியது அந்த உயிரினங்கள்தான், முதல் எபிசோடு அல்ல. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஜனவரியில் அவற்றைப் பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு அந்தத் தாத்தாவையும் பேத்தியையும் ஏற்கெனவே பிடித்திருந்தது. செப்டம்பர் பதிவு அப்படியே போயிருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

மாறியிருக்க வேண்டியவை

முதலாவது, ஒரு சோதனைப் பதிவை ஒளிபரப்புக்கான பதிவு என்று சொல்லி எடுத்தது. சரியாக வந்தால் போடலாம் என்ற எண்ணத்தில் எடுத்ததால், எதையும் சோதித்துப் பார்க்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. பதிவு சரியாக வராதபோது தண்டனை பற்றிய பேச்சும் வந்தது. புது செட், புது யந்திரம், புதுக் குழு. முதல் இரவே தேற வேண்டும் என்று எதிர்பார்த்தது அதிகாரிகளின் பிழை.

இரண்டாவது பிழை இயக்குநரைச் சேரும். கதவுகள் ஒழுங்காக நகரவில்லை என்பது பகல் ரிகர்சலிலேயே தெரிந்திருக்க வேண்டும். அவை பின்னணியில் விழாதபடி இரண்டு ஷாட்களை மாற்றி வைத்திருக்கலாம். யந்திரத்தின் உட்புறம் ஸ்டூடியோவில் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டதால் கேமரா நிற்க வேறு இடம் இருந்ததா என்பது கேள்விதான். ஆனாலும் மாற்று ஏற்பாடு ஒன்று கையில் இருந்ததாகப் பதிவில் அடையாளமில்லை. அதேபோல் முதியவரின் பாத்திரம் கசக்கிறது என்பதை ஹாலில் நான்கு நாள் ரிகர்சல் பார்த்த ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும். ஒரே காட்சியைத் தினமும் பார்த்தால் கசப்பு பழகிவிடும். வெளியாள் ஒருவரை வியாழக்கிழமை வரவழைத்து உட்கார வைத்திருந்தால் செப்டம்பர் 27-இன் பாதித் தலைவலி குறைந்திருக்கும்.

மூன்றாவது, பாதுகாப்பு. அடுத்த ஆண்டு இதே இயக்குநர் இதே தொடருக்காக 'மார்க்கோ போலோ' என்ற ஏழு எபிசோடுக் கதையை எடுத்தார். அதில் ஆறு அவருடையவை. வெனிஸ் பயணியோடு பாமீர் மலைகளிலிருந்து பெய்ஜிங் வரை போகும் கதை, முழுக்க ஸ்டூடியோவுக்குள். அவர் விரும்பிச் செய்த வேலை அது. பிபிசி டேப்புகளை அழித்து மறுபயன்பாட்டுக்கு அனுப்பிய காலத்தில் ஏழும் போயின, படச்சுருள் பிரதிகளும் மிஞ்சவில்லை. இன்று இருப்பது வீட்டில் யாரோ பதிந்து வைத்த ஒலியும் சில புகைப்படங்களும்தான். செப்டம்பர் 27-இன் சொதப்பல் பதிவோ பத்திரமாகத் தப்பிவிட்டது. லைம் குரோவ் ஸ்டூடியோவை மூடிய 1991-இல், அதற்கு விடை கொடுக்கும் நிகழ்ச்சிகளுக்கு நடுவே, ஆகஸ்ட் 26 அன்று பிபிசி அதை முதல் முறையாக ஒளிபரப்பியது, ஆடும் கதவுகளோடு.